பள்ளிக்கு வெளியே பழகும் மலாய்

கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் தலைமுறை தாண்டித் தொடரும் ஒரு புதிர் உண்டு. பள்ளிக்கூடத்தில் கால் வைக்காத பாட்டி இரவுச் சந்தையில் மீன்காரரிடம் மலாயில் பேரம் பேசி இரண்டு வெள்ளி குறைத்துவிடுகிறார். தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள் மலாயைப் பாடமாகப் படித்த பேரனோ மலாய்க் கட்டுரை எழுத உட்கார்ந்தால் பென்சிலைக் கடிக்கிறான். ஆனால் அதே பையன் மாலையில் திடலில் பந்து உதைக்கும்போதும், இரவில் கைப்பேசியில் 'மொபைல் லெஜண்ட்ஸ்' ஆடும்போதும் மலாயில் கத்துகிறான், கெஞ்சுகிறான், சண்டை போடுகிறான். யாரும் சொல்லித்தராத இடத்தில் சரளமாக வரும் மொழி, சொல்லித்தரும் இடத்தில் ஏன் திணறுகிறது?

மொழி கற்றலை ஆராய்பவர்கள் இதைத் தற்செயல் கற்றல் என்கிறார்கள். கற்பவரின் கவனம் மொழியில் இல்லை. கதையில், ஆட்டத்தில், பேரத்தில் இருக்கிறது. மொழி உடன்விளைவாக உள்ளே இறங்குகிறது. சுவீடன் நாட்டு ஆய்வாளர் பியா சுண்ட்குவிஸ்ட் 2009இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளிச் சுவருக்கு வெளியே பிள்ளைகள் பழகும் ஆங்கிலத்துக்குத் தனிப் பெயரே வைத்தார். தமிழில் அதைப் 'புறச்சுவர் கற்றல்' என்று சொல்லலாம். வீட்டுப்பாடம் இதில் சேராது. பிள்ளை தானே விரும்பிச் செய்யும் பொழுதுபோக்கின் வழியே வருவது மட்டுமே சேரும்.

இந்தக் கேள்வியை ஆராய வடசிலாங்கூர் வாகான இடம். 1917இல் பத்தாங் பெர்ஜுந்தை அருகே, தென்னமரம் தோட்டத்தில்தான் நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவு நடந்தது. பத்தாங் பெர்ஜுந்தையின் இன்றைய பெயர் பெஸ்தாரி ஜெயா. சுற்றிலும் ரப்பர்த் தோட்டங்கள். லயத்து வீடு, கோயில், ஆயாக்கொட்டகை, தமிழ்ப்பள்ளி எல்லாம் தோட்டத்து எல்லைக்குள்ளேயே இருந்தன. கங்காணி ஏவியதும் தமிழில், பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டதும் தமிழில். மலாய் தேவைப்பட்டது எல்லைக்கு வெளியே போனால்தான்: ஈஜோக்கில் சீனர் மளிகைக்கடை, புக்கிட் ரோத்தானில் பேருந்து நிறுத்தம், கோலசிலாங்கூரில் அரசாங்க அலுவலகம். சீனக் கடைக்காரருக்கு மலாய் தாய்மொழியன்று, சாமான் வாங்க வந்த தமிழருக்கும் அன்று. இருவரும் அரைகுறையாகச் சேர்ந்து பேசிய மொழிதான் பசார் மலாய். பாட்டியின் மலாய் அது. அதன் அமைப்புக்குப் பிறகு திரும்ப வரவேண்டியிருக்கும்.

பேரனின் உலகம் வேறு. தோட்டங்கள் பல கைமாறின, துண்டாடப்பட்டன. குடும்பங்கள் தாமான் வீடுகளுக்குப் பெயர்ந்தன. குலை வெட்ட இந்தோனேசியரும் வங்காளதேசத்தினரும் வந்தார்கள். 1963 டிசம்பரில் மலேசியாவில் தொலைக்காட்சி தொடங்கியது. 2007இல் 'உப்பின் இப்பின்' கேலிச்சித்திரத் தொடர் வந்தது. பிறகு கைப்பேசியும் இணையமும் வந்தன. மலாய் இப்போது வீட்டுக்குள்ளேயே பேசிக்கொண்டிருக்கிறது.

பேசிக்கொண்டிருக்கும் மொழி எப்படிக் காதுக்குள் போகிறது என்பது முதல் படி. தெரியாத மொழியைக் கேட்கும் யாருக்கும் அது இடைவெளியே இல்லாத ஒலி ஓட்டமாகத்தான் கேட்கும். எழுத்தில் சொல்லுக்குச் சொல் இடம் விடுகிறோம்; பேச்சில் யாரும் விடுவதில்லை. அப்படியானால் ஒரு சொல் முடிந்து அடுத்தது தொடங்கும் இடம் எப்படித் தெரிகிறது? 1996இல் ஜெனி சாஃப்ரன், ரிச்சர்ட் ஆஸ்லின், எலிசா நியூபோர்ட் ஆகிய மூவர் எட்டு மாதக் குழந்தைகளிடம் இதைச் சோதித்தார்கள். பொருளற்ற மூவசைச் சொற்கள் சிலவற்றை இடைவெளியின்றி, ஏற்ற இறக்கமின்றி, இரண்டே நிமிடம் ஒலிக்கவிட்டார்கள். ஒரு சொல்லுக்குள் இருக்கும் அசைகள் எப்போதும் ஒன்றையொன்று தொடர்ந்து வரும். ஒரு சொல்லின் கடைசி அசைக்குப் பின் எது வரும் என்பது மாறிக்கொண்டே இருக்கும். குழந்தைகளுக்குக் கிடைத்த ஒரே தடயம் இதுதான். பிறகு முழுச் சொற்களையும், சொல் எல்லையைத் தாண்டி வெட்டி ஒட்டிய அசைகளையும் ஒலிக்கவிட்டபோது, குழந்தைகள் புதிதாகத் தோன்றிய இரண்டாம் வகையை அதிக நேரம் கேட்டார்கள். எது எதோடு சேர்ந்து வருகிறது என்ற கணக்கை மூளை யாரும் சொல்லாமலே போட்டுக்கொண்டிருந்தது. பெரியவர்களும் இதைச் செய்ய முடியும் என்பது பின்னர் தெரிந்தது. சந்தைக் கூச்சலில் நின்ற பாட்டியின் காதும், தொலைக்காட்சி முன் உட்கார்ந்த பேரனின் காதும் முதலில் செய்தது இந்த வேலையைத்தான்.

அடுத்த படி பொருள். அகராதி இல்லாமல், ஆசிரியர் இல்லாமல் ஒரு சொல்லின் பொருள் எப்படிப் பிடிபடும்? இதற்கு 1978இல் நடந்த ஆய்வு ஒன்று இன்றுவரை எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகிறது. பேராக்கிலுள்ள கோலகங்சார் மலாய்க் கல்லூரியில் 1950களில் ஆசிரியராக இருந்து மலாய் கற்றவர் ஆங்கில நாவலாசிரியர் ஆண்டனி பர்ஜஸ். பின்னாளில் அவர் எழுதிய 'எ கிளாக்வொர்க் ஆரஞ்ச்' நாவலில், ரஷ்யச் சொற்களைத் திரித்து உண்டாக்கிய கொச்சைச் சொற்கள் ஏராளம் வருகின்றன. நியூசிலாந்தின் பால் நேஷனும் அவருடைய இரு சக ஆய்வாளர்களும், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட சிலருக்கு அந்த நாவலைச் சொற்பட்டியல் இல்லாமல் கொடுத்தார்கள். கதையைப் பற்றிக் கேள்வி வரும் என்று மட்டும் சொல்லப்பட்டது. படித்து முடித்தபின் எதிர்பாராமல் கொச்சைச் சொற்களில் தேர்வு வைத்தார்கள். சராசரியாக நான்கில் மூன்று பங்குச் சொற்களுக்கு அவர்கள் சரியான பொருளைத் தெரிவு செய்தார்கள். அடிக்கடி வந்த சொற்கள் நன்றாகவே பதிந்திருந்தன. ஓரிரு முறை தலைகாட்டியவை நழுவியிருந்தன.

ஒரே சந்திப்பில் எந்தச் சொல்லும் முழுதாக வசமாவதில்லை என்பது இதிலிருந்து தெளிவு. பால்மரத்தில் கோடு போட்டதும் மங்கு நிறைந்துவிடாது; சொட்டுச் சொட்டாக மணிக்கணக்கில் இறங்கினால்தான் மங்கில் பால் சேரும், மறுமுறை வெட்டாமல் விட்டால் கோடு காய்ந்துவிடும். சொல்லும் அப்படித்தான் சேர்கிறது. முதல் சந்திப்பில் அதன் ஓசை, இரண்டாவதில் அது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்ற வாசனை, பிறகு எந்தச் சொற்களோடு சேரும் என்ற பழக்கம், கடைசியாகத்தான் தானே எடுத்துச் சொல்லும் துணிவு. இடையில் நீண்ட நாள் இடைவெளி விழுந்தால் சேர்ந்ததும் மறந்துபோகும்.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. சுற்றியுள்ள சொற்களில் பெரும்பாலானவை முன்பே தெரிந்திருந்தால்தான் தெரியாத ஒன்றை ஊகிக்க முடியும். ஒரு பக்கத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுச் சொற்கள் தெரிந்திருந்தால் துணையின்றிப் படித்துப் புரிந்துகொள்ளலாம் என்பது நேஷன் 2000இல் இன்னொரு ஆய்வாளரோடு சேர்ந்து கண்ட கணக்கு. இந்த நிலையை அமெரிக்க மொழியியலாளர் ஸ்டீபன் கிராஷன் 'புரியும் உள்ளீடு' என்றார்: காதில் விழுவது கற்பவரின் நிலைக்குச் சற்றே மேலே இருக்க வேண்டும், தலைக்கு மேல் போனால் வெறும் இரைச்சல். மலாய் தெரியாத பிள்ளை மலாய்ச் செய்தியறிக்கையை நாள் முழுக்கக் கேட்டாலும் பயன் சொற்பமாக இருப்பது இதனால்தான்.

அப்படியென்றால் தொடக்கத்தில் இருக்கும் பிள்ளைக்குக் கைகொடுப்பது எது? கண்முன் நடக்கும் காட்சி ஒன்று. 'உப்பின் இப்பின்' இரட்டையர் பசியென்று சொல்லும்போது வயிற்றைத் தடவுகிறார்கள். ராஜு என்ற தமிழ்ப் பையனும் முத்து மாமாவின் உணவுக்கடையும் அந்தக் கதையில் வருவதால் தோட்டத்துப் பிள்ளைக்கு அந்தக் கம்பம் அந்நியமாகவும் இல்லை. இந்தோனேசியக் குழந்தைகள் இந்தத் தொடரைப் பார்த்தே மலேசிய மலாயில் பேசத் தொடங்கியது அந்நாட்டில் பலரும் கவனித்த செய்தி. இரண்டாவது துணை, இரு மொழிக்கும் பொதுவான சொற்கள். கடைக்கு 'கெடாய்', கப்பலுக்கு 'காப்பால்', கட்டிலுக்கு 'காத்தில்', பெட்டிக்கு 'பெத்தி', திரைக்குத் 'திராய்'. நூற்றாண்டுகளாகக் கடல்வழி நடந்த வணிகம் இந்தச் சொற்களை முன்கூட்டியே கற்றுக்கொடுத்து வைத்திருக்கிறது. இத்தகைய பொதுச்சொற்கள் மற்றச் சொற்களைவிட வேகமாகப் பதிகின்றன என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன.

மூன்றாவது துணையைத்தான் மலேசியத் தமிழர்கள் இன்னும் சரியாக மதிக்கவில்லை. தொலைக்காட்சியிலும் திரையரங்கிலும் ஓடும் தமிழ்ப் படங்களுக்கு அடியில் மலாய் வரிகள் ஓடுகின்றன. உலகில் பெரும்பாலோர் அயல்மொழியைக் காதால் கேட்டுத் தாய்மொழியைக் கண்ணால் படிக்கிறார்கள். இங்கே தலைகீழ்: காதில் தமிழ், கண்ணில் மலாய். ஆய்வாளர்கள் இதைத் தலைகீழ் அடிவரி என்பார்கள். பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் கெரி டீட்வால் கண்ணசைவைப் பதிவு செய்யும் கருவி வைத்துச் சோதித்தார். திரையில் எழுத்து தோன்றினால், பேசுவது முழுவதும் புரிந்தாலும், கண் தானாக எழுத்துக்குத் தாவியது. படிக்க வேண்டாம் என்று நினைத்தாலும் கண் படித்துவிடுகிறது! 1992இல் மார்ட்டின் தனான் அமெரிக்காவில் பிரெஞ்சு கற்ற மாணவர்களிடம் சோதித்தபோது, வெறும் பிரெஞ்சு ஒலியைவிட, ஆங்கில ஒலியும் பிரெஞ்சு அடிவரியும் சேர்ந்த முறையே தொடக்க நிலையினருக்கு அதிகச் சொல்வளம் சேர்த்தது. காரணம் எளிது: பொருள் தமிழில் முன்பே விளங்கிவிட்டதால், அந்தப் பொருளுக்கான மலாய்ச் சொல் என்ன என்று மட்டும் பார்த்தால் போதும். சிறு குழந்தைகளிடம் இதன் பலன் குறைவு என்று லூவன் ஆய்வுகள் கூறுகின்றன. எழுத்தை வேகமாகப் படிக்க வராத வயதில் அப்படித்தானே இருக்கும். மலாயின் எழுத்துமுறை இந்த அடிவரிக் கற்றலுக்கு இன்னும் உதவுகிறது. 1972இல் மலேசியாவும் இந்தோனேசியாவும் பொது எழுத்துமுறை ஒன்றுக்கு மாறிய பிறகு, எழுதியதை எழுதியபடி ஒலித்தால் பெரும்பாலும் சரியாக இருக்கும். ஆங்கில அடிவரி இந்த உதவியைச் செய்யாது.

இதுவரை சொன்னதெல்லாம் கேட்டும் பார்த்தும் கற்பது. பதில் பேசாமல் கேட்டுக்கொண்டே இருந்தால் மொழி வந்துவிடுமா? 2003இல் பட்ரிசியா கூல் குழுவினர் ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மாண்டரின் கேட்க ஏற்பாடு செய்தார்கள். ஒரு குழுவோடு மாண்டரின் பேசுபவர் நேரில் உட்கார்ந்து பன்னிரண்டு அமர்வுகள் விளையாடினார். இன்னொரு குழு அதே பேச்சைத் தொலைக்காட்சியில் கேட்டது. நேரில் விளையாடிய குழந்தைகள் மாண்டரின் ஒலிகளைப் பிரித்தறிந்தார்கள். தொலைக்காட்சிக் குழந்தைகளிடம் எந்த மாற்றமும் இல்லை. கைக்குழந்தையை மலாய்க் காணொளி முன் கிடத்திவிட்டால் மொழி வந்துவிடும் என்று நம்பும் பெற்றோர் இந்த முடிவைத் தெரிந்துகொள்வது நல்லது.

வளர்ந்த பிள்ளைகளுக்குத் திரை ஓரளவு உதவுகிறது. ஆனால் எந்தத் திரை என்பதில்தான் வேறுபாடு. பெல்ஜியத்தின் டச்சு பேசும் பகுதியில் பள்ளிகள் ஆங்கிலத்தை இடைநிலைப் பள்ளியில்தான் தொடங்குகின்றன. வனெஸ்ஸா டி வில்டெயும் சக ஆய்வாளர்களும் அங்கே பத்து முதல் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட 780 பிள்ளைகளைச் சோதித்து 2020இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பாடம்கூட ஆங்கிலம் படிக்காத பிள்ளைகளில் கணிசமானோர் ஆங்கிலத்தில் எளிய உரையாடலைப் புரிந்துகொண்டு பதிலும் சொன்னார்கள். கணினி விளையாட்டு, சமூக ஊடகம், ஆங்கிலத்தில் பேசும் வாய்ப்பு ஆகிய மூன்றோடும்தான் அவர்களின் திறன் மிக நெருக்கமாகத் தொடர்புபட்டிருந்தது. மூன்றுமே பதில் கேட்பவை. விளையாடுபவர் பதில் சொல்லாவிட்டால் ஆட்டம் தோற்றுவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. நிறைய விளையாடியதால் மொழி வந்ததா, மொழி ஓரளவு வந்ததால் நிறைய விளையாட முடிந்ததா என்பதை இத்தகைய கணக்கெடுப்பால் முடிவுகட்ட முடியாது. பர்ஜஸ் நாவலைப் போல, முன்பு யாருக்கும் தெரிந்திருக்க முடியாத சொற்களை வைத்துச் சோதிக்கும் ஆய்வுகள்தான் அந்தச் சந்தேகத்தைப் போக்குகின்றன. இரண்டு வகையும் ஒரே திசையைக் காட்டுவதால்தான் தற்செயல் கற்றல் உண்மையில் நடக்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது.

இரவு எட்டு மணிக்கு ஜெராமில் ஒரு பையன் ஐவர் அணியில் ஆடுவதை நினைத்துப் பார்க்கலாம். அணியில் ஒருவன் மலாய்க்காரன், ஒருவன் சீனன். ஒலிவாங்கியில் 'தோலோங்' என்று குரல் வருகிறது. உடனே உதவிக்குப் போகாவிட்டால் கோபுரம் விழும். 'உண்டுர்' என்றால் பின்வாங்க வேண்டும், 'செராங்' என்றால் தாக்க வேண்டும். தவறாகப் புரிந்துகொண்டால் அடுத்த நொடியே விளைவு தெரிந்துவிடுகிறது, புரியாவிட்டால் 'அப்பா?' (என்ன?) என்று கேட்க, மற்றவன் வேறு சொல்லில் திருப்பிச் சொல்கிறான். இப்படிப் பொருளுக்காக இருவர் முட்டிமோதும் இடத்தில்தான் மொழி வேகமாகப் பதிகிறது என்பது மைக்கேல் லாங் முன்வைத்த ஊடாட்டக் கருதுகோள். மதிப்பெண் குறைக்கவும் சிவப்பு மையால் சுழிக்கவும் அங்கே யாரும் இல்லாததால் கூச்சமும் இல்லை. வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை இங்கே பேசுவதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

பிறகு ஏன் கட்டுரைத் தாளில் திணறல்?

1983இல் ரிச்சர்ட் ஷ்மிட் 'வெஸ்' என்ற புனைபெயரில் ஒருவரைப் பற்றி எழுதினார். ஹவாயில் குடியேறிய ஜப்பானிய ஓவியர் அவர். ஆங்கில வகுப்புக்குப் போகாமல், நண்பர்களோடும் வாடிக்கையாளர்களோடும் பழகியே ஆங்கிலம் கற்றார். மூன்று ஆண்டுகளில் அவர் பேச்சு வளமாக, கலகலப்பாக ஆனது. எல்லோருக்கும் அவரோடு பேசப் பிடித்தது. ஆனால் பன்மை விகுதியும் இறந்தகால விகுதியும் ஏறத்தாழ முதலாண்டில் இருந்த இடத்திலேயே நின்றன. சொல்ல வந்தது புரிந்துவிட்டதால் விகுதி இல்லாததை யாரும் பொருட்படுத்தவில்லை, அவரும் தேடவில்லை. பசார் மலாய் பேசும் பாட்டியின் கதையும் வெஸ்ஸின் கதையும் ஒன்றே.

காரணத்தை ஷ்மிட் தன்மீதே சோதித்துக் கண்டார். பிரேசிலில் ஐந்து மாதங்கள் தங்கிப் போர்ச்சுகீசியம் கற்றபோது நாட்குறிப்பு எழுதினார். சில்வியா ஃப்ரோட்டா அவருடைய உரையாடல்களைப் பதிவு செய்தார். 1986இல் இருவரும் இரண்டையும் ஒப்பிட்டார்கள். பல இலக்கண வடிவங்கள் முதல் நாளிலிருந்தே அவர் காதில் விழுந்திருந்தன. ஆனால் 'அட, இது இப்படி வருகிறதே' என்று அவர் கவனித்துக் குறித்துக்கொண்ட பிறகே அவை அவர் பேச்சில் தோன்றின. காதில் விழுவது வேறு, கவனிப்பது வேறு. இதற்கு அவர் பின்னர் இட்ட பெயர் கவனிப்புக் கருதுகோள்.

மலாயில் இந்தக் கருதுகோளுக்குச் சரியான சோதனை ஒட்டுகள். 'துலிஸ்' என்பது எழுது என்னும் வேர். 'மெனுலிஸ்' என்றால் எழுதுதல் வினை, 'டிதுலிஸ்' எழுதப்பட்டது, 'பெனுலிஸ்' எழுத்தாளர், 'துலிசான்' எழுத்து. முன்னொட்டு எல்லா வேரோடும் ஒரே மாதிரி சேர்வதுமில்லை: 'பாச்சா'வுக்கு முன் 'மெம்' ஆகிறது, 'சாப்பு' என்பது 'மெஞாப்பு' ஆகிறது. தமிழில் உருபுகளும் விகுதிகளும் சொல்லின் கடைசியில் சேரும். தலையில் ஒட்டுவதைத் தேடும் பழக்கம் தமிழ்க் காதுக்கு இல்லை எனலாம். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. மலாய்க்காரர்களே நண்பர்களோடு பேசும்போது இந்த முன்னொட்டை அடிக்கடி விட்டுவிடுகிறார்கள். விளையாட்டு அரட்டையிலும் திடலிலும் 'சாயா பாச்சா புக்கு' என்றாலே போதும். 'மெம்பாச்சா' என்று சொல்பவர் பாடம் ஒப்பிப்பவர்போலத் தெரிவார்.

பசார் மலாயில் ஒட்டுகள் இன்னும் அரிது. 'ரூமா சாயா' என்னும் இடத்தில் 'சாயா புன்யா ரூமா' என்பார்கள். உடையவர் முன்னே வரும் இந்த வரிசை தமிழுக்கும் பொருந்துகிறது, சீனத்துக்கும் பொருந்துகிறது. 'மாசுக்கான்' என்று ஒரே சொல்லில் பின்னொட்டோடு சொல்ல வேண்டியதை 'காசி மாசொக்' என்று இரண்டாக உடைத்துவிடுவார்கள். கடையில் வேலை நடக்க இது தாராளமாகப் போதும். எனவே பிள்ளை கவனிக்கத் தவறியது பாதிக் கதைதான். அவன் பழகும் மலாயில் கவனிக்க அந்த ஒட்டுகளே அதிகம் இல்லை என்பது மீதிக் கதை. ஆயிரம் மணிநேரம் விளையாடினாலும், அந்த விளையாட்டு மொழியில் இல்லாதது பிள்ளையிடம் வந்து சேராது.

சொற்களிலும் இதே சாய்வு இருக்கிறது. தாக்கு, ஓடு, காப்பாற்று, சீக்கிரம் என்பவை நூற்றுக்கணக்கான தடவை வரும். சுற்றுச்சூழல் தூய்மைக்கேடு, ஒற்றுமை, பொருளாதாரம் ஆகியவற்றுக்கான மலாய்ச் சொற்களை எந்த ஆட்டமும் கேட்காது. இடைநிலைப் பள்ளியின் படிவம் 1இல் வரலாறும் புவியியலும் மலாயில் எதிரே வந்து நிற்கும்போது பிள்ளைக்கு வேண்டியவை இந்த இரண்டாம் வகைச் சொற்கள்தான். தமிழ்ப்பள்ளி மாணவர்கள் சிலர் புகுமுக வகுப்பில் ஓராண்டு செலவிட நேர்வதும் இந்த இடைவெளியை அடைக்கத்தான்.

ஆகவே கைப்பேசியைப் பிடுங்கிவைப்பது தீர்வாகாது; காது, சொல், துணிவு மூன்றையும் அது கொடுத்திருக்கிறது. அதனால் தர முடியாததை வேறு இடத்தில் தேடவேண்டும். ஒட்டுகள் தவறாமல் வரும் மலாய், எழுத்து மலாய்தான். தமிழ்ப் படத்தின் அடிவரி பெரும்பாலும் அந்த மலாயிலேயே எழுதப்படுகிறது. அதை மறைக்காமல் ஓடவிடுவதற்குச் செலவு ஏதுமில்லை. பார்த்த கதையை மலாயில் திருப்பிச் சொல்லவோ நான்கு வரி எழுதவோ வைத்தால், தனக்கு எந்த வடிவம் தெரியவில்லை என்பது பிள்ளைக்கே தெரியவரும். கனடாவில் ஆண்டுக்கணக்கில் பிரெஞ்சு வழியில் படித்தும் இலக்கணம் தடுமாறிய ஆங்கிலப் பிள்ளைகளை ஆராய்ந்த மெரில் ஸ்வெய்ன் 1985இல் வந்தடைந்த முடிவும் இதுதான்: கேட்பது மட்டும் போதாது, தானே சொல்ல முயலும்போதுதான் இலக்கணத்தின் மீது கவனம் விழுகிறது. 1956இல் நிறுவப்பட்ட தேசிய மொழி நிறுவனமான டேவான் பஹாசா டான் புஸ்தாக்கா மாணவர்களுக்கென்றே 'டேவான் பெலாஜார்' இதழை வெளியிட்டுவந்திருக்கிறது. அந்த நிறுவனத்தின் அகராதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. விளையாடும் அதே கைப்பேசியில் அதைத் திறக்கலாம்.

இடைநிலைப் பள்ளி இறுதியில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வின் சான்றிதழ் பெற மலாயில் தேர்ச்சி கட்டாயம். அந்தத் தாள் கேட்பது எழுத்து மலாயை. தோட்டத்திலும் தாமானிலும் உள்ள பெற்றோர், பிள்ளை படிவம் 1க்குப் போகும்வரை காத்திராமல், நாலாம் ஐந்தாம் ஆண்டிலேயே மலாய்க் கதைப்புத்தகங்களை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும்.